மோட்டார்ஹோம் பின்னால் பழைய ஜீப்: வண்டி, டோ பார், பிரேக் பெட்டி மூன்றையும் பற்றி என் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். மோட்டார்ஹோம் (படுத்துத் தூங்கும் வசதியோடு ஓடும் வீட்டு வண்டி) பின்னால் நான்கு சக்கரமும் தரையில் ஓட இழுத்துப் போக ஒரு வண்டி தேடுகிறீர்கள் என்றால், 1997 முதல் 2006 மாடல் வரை வந்த ஜீப் ராங்லர், டிஜே என்று சொல்கிறார்களே அந்த வண்டி, அருமையான தேர்வு. ஆனால் வாங்கிய கையோடு டோ பாருக்கும் (இரண்டு வண்டியையும் இணைக்கும் இழுவைக் கம்பி) பிரேக் பெட்டிக்கும் (பின்னால் வரும் வண்டியின் பிரேக்கைத் தானாக அமுக்கும் கருவி) பணத்தைக் கொட்டாதீர்கள். முதல் செலவு அந்த வண்டியின் முன் அச்சுக்குத்தான் போக வேண்டும். காரணத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன், அதனால் மூன்று பொருளுக்கும் சமமாக இடம் கிடைக்காது.

என்னிடம் இருப்பது 4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆட்டோமேடிக் கியர், 231 வகை டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸில் இருந்து வரும் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டை லிவர் நிற்கும், இந்த வண்டியை இழுப்பதற்கு ஏற்றதாக ஆக்குவதே அதுதான். 2எச் (இரு சக்கர ஓட்டம்), 4எச் (நான்கு சக்கர ஓட்டம்), என் (நியூட்ரல்), 4எல் (நான்கு சக்கர மெதுவோட்டம், லோ ரேஞ்ச்) என்று நான்கு நிலைகள். என்-இல் வைத்துவிட்டால் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் இடையில் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. சக்கரம் சுற்றும், அச்சு சுற்றும், டிரைவ் ஷாஃப்ட் இரண்டும் சுற்றும், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியேறும் பக்கத்துத் தண்டும் சுற்றும், அதற்கு முன்னால் இருக்கும் கியர்பாக்ஸ் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சாதாரண ஆட்டோமேடிக் கார் பலவற்றை ஏன் இப்படி இழுக்க முடியாது என்றால், அவற்றின் கியர்பாக்ஸில் எண்ணெயைத் தள்ளும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும், எஞ்சினை அணைத்துவிட்டு நூறு மைல் இழுத்தால் உள்ளே வறண்டு வெந்துபோகும். இந்த 231-இல் எண்ணெய் பம்ப் பின்பக்கம் வெளியேறும் தண்டிலேயே இருக்கிறது. சக்கரம் சுற்றினாலே பம்பும் சுற்றி, தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே தள்ளிக்கொள்கிறது. அதில் இருப்பது மொத்தமே ஒரு லிட்டர் அளவு ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்தான், ஆகவே பின் சீல் லேசாகக் கசிந்தாலும் சீக்கிரமே வறண்டுவிடும். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்னாலும் கீழே குனிந்து அந்த இடம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் நிறைய பேர் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஆனால் ஆட்டோமேடிக் கியர் பார்க்கில் இருக்க வேண்டும், மேனுவல் என்றால் ஏதாவது ஒரு கியரில் போட்டிருக்க வேண்டும். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். இரண்டையும் நியூட்ரலில் விட்டால் எண்ணெயின் இழுவையிலேயே கியர்பாக்ஸின் பின் தண்டு மெல்லச் சுற்றத் தொடங்கும், அதற்கு எண்ணெய் கொடுக்க ஆள் இல்லை. அதைப் பிடித்து நிறுத்தி வைக்கத்தான் பார்க். சாவியை லாக்கில் விடாமல் ஆஃப் நிலைக்குத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டு விடுபட்டிருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பூட்டோடு இழுத்தால் முதல் திருப்பத்திலேயே முன் டயர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே வரும்.

நியூட்ரல் உண்மையிலேயே விழுந்திருக்கிறதா என்பதை லிவரின் எழுத்தைப் பார்த்து நம்பாதீர்கள். எஞ்சினை ஓட விட்டு, காலைப் பிரேக்கில் வைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை என்-க்குக் கொண்டுவந்து, கியரை ரிவர்ஸில் போட்டுப் பிரேக்கை விடுங்கள், சில நொடி பாருங்கள், வண்டி அசையக் கூடாது. அதையே டிரைவிலும் செய்யுங்கள். இரண்டிலும் அசையவில்லை என்றால்தான் எஞ்சினை அணைத்து பார்க்கில் போட வேண்டும். இத்தனை வயதான வண்டியில் லிவரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இணைக்கும் கம்பிகளின் பிளாஸ்டிக் புஷ்கள் நைந்திருக்கும். அதோடு, யாராவது உயரம் ஏற்றுகிறேன் என்று பாடியைத் தூக்கியோ டிரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கியோ வைத்திருந்தால் இந்த இணைப்பின் அளவே மாறிப்போய், லிவர் என்-இல் நிற்கும், உள்ளே கியர் பாதி வழியில் நிற்கும். கம்பி இணைப்பைக் கழற்றிவிட்டுக் கேபிள் வகை போட்டுக்கொள்ளலாம், அதற்கென்றே பாகங்கள் விற்கிறார்கள். நான் போட்டுக்கொண்டேன். முழு ஏற்பாட்டிலும் மிகவும் திருப்தி கொடுத்த மாற்றம் அதுதான், நியூட்ரல் இப்போது டக்கென்று விழுகிறது.

மற்ற பழைய வண்டிகளையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செரோகி எக்ஸ்ஜே, 1984 முதல் 2001 வரை வந்தது, அதிலும் பெரும்பாலும் இதே 231 உண்டு, அல்லது முழுநேர நான்கு சக்கர ஓட்டமும் சேர்ந்த 242 இருக்கும், இரண்டிலும் நியூட்ரல் இருக்கிறது. உள்ளே சாமான் வைக்க இடம் அதிகம், கூரை உண்டு, மழைக்கு நிம்மதி. ஆனால் அதற்குத் தனி ஃபிரேம் கிடையாது, பாடியோடு சேர்ந்த தகட்டு ஃபிரேம்தான், அதனால் டோ பார் மாட்டும் பேஸ் பிளேட் இழுவிசையை நீளமாகப் பரப்பும்படி இருக்க வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும் இடத்தில் அந்தத் தகடு விரிசல் விடுவதும் எக்ஸ்ஜே வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதை, வாங்கும்போது அங்கே விளக்கடித்துப் பாருங்கள். சிறிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு சுசுகி சாமுராய் போல் எதுவும் வராது. 1.3 லிட்டர் எஞ்சின், 2,100 பவுண்டு சுமார் எடை, லிவரில் நியூட்ரல். பின்னால் ஒன்று வருகிறது என்பதே தெரியாது, ஆனால் கழற்றிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட அது சுகமான வண்டி இல்லை. லிவர் இல்லாமல் பொத்தானில் மாற்றும் வகை என்றால் அதில் நியூட்ரல் உண்டா என்று அந்த வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். லோ ரேஞ்சும் இல்லை, நியூட்ரலும் இல்லை என்னும் ஆல்வீல் டிரைவ் வண்டியை, கையேட்டில் இழுக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய, தொடவே வேண்டாம்.

எடை. டிஜே வந்தபடியே இருந்தால் 3,300 பவுண்டு அளவில் இருக்கும், அதாவது 1,500 கிலோ. வின்ச், கனமான பம்பர், பெரிய டயர் எல்லாம் சேர்த்தால் ஏறிக்கொண்டே போகும். மோட்டார்ஹோமின் ஹிட்ச்சில் (பின்னால் டோ பாரை மாட்டும் இணைப்பு) 5,000 பவுண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். வண்டியும் பின்னால் வருவதும் சேர்த்து மொத்தம் எவ்வளவு போகலாம் என்று சேஸி தயாரித்தவர் ஓர் எண் கொடுத்திருப்பார், அதுதான் கடைசி வார்த்தை. உதாரணத்துக்கு 22,000 பவுண்டு ஃபோர்டு எஃப்-53 சேஸியில் மொத்தம் 26,000 என்று வந்த வண்டிகள் நிறைய உண்டு, மோட்டார்ஹோமை முழுச் சுமையும் ஏற்றிவிட்டால் பின்னால் வர மிச்சம் 4,000 பவுண்டுதான், ஹிட்ச்சில் என்ன எழுதியிருந்தாலும் சரி. தண்ணீர் டேங்க் நிரப்பி, ஆள் ஏறி, எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

இப்போது முன் அச்சு. இந்த விமர்சனத்தை எழுதியதே இதற்காகத்தான்.

டிஜே-க்கும் எக்ஸ்ஜே-க்கும் முன்னால் இருப்பது ஒரே கட்டையான அச்சு. அதைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது டிராக் பார் என்ற ஒற்றைக் கம்பி. அதன் முனையில் இருக்கும் ஜாயிண்டோ புஷ்ஷோ தளர்ந்தால், பால் ஜாயிண்ட் தேய்ந்தால், டை ராடு முனைகள் ஆடினால், ஒரு குழியில் விழுந்த அடியில் முன் சக்கரம் இரண்டும் இடதும் வலதுமாக வெறி பிடித்த மாதிரி உதறத் தொடங்கும். டெத் வாபிள் என்பார்கள். நீங்களே ஓட்டிக்கொண்டிருந்தால் ஸ்டீயரிங் கையில் குதிக்கும், வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடுவீர்கள். இழுத்துப் போகும்போது அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்க யாரும் இல்லை. மோட்டார்ஹோம் ஓட்டுபவருக்கு முப்பது நாற்பது அடி பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவே தெரியாது. சத்தம் கேட்காது, வாடை வராது, கேமரா இல்லை என்றால் பின்னால் வரும் யாராவது ஹாரன் அடித்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. யாரும் பிடிக்காத ஸ்டீயரிங் தானாகத் திரும்பித் தானாக நேராக வருவதற்குக் காரணம் காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு. உயரம் ஏற்றிய ஜீப்பில் அந்தக் கோணம் குறைந்துபோயிருக்கும். பெட்ரோல் பங்கில் இறுக்கமாகத் திரும்பும்போது முன் சக்கரம் எதிர்ப்பக்கம் முழுக்க மடங்கி அப்படியே மாட்டிக்கொள்ளும், நேராக வராது, டயரை ரோட்டில் தேய்த்துக்கொண்டே போவீர்கள். அகலமாக வெளியே தள்ளிய ரிம் போட்டிருந்தால் இன்னும் மோசம். ஆகவே டோ பார் வாங்கும் முன் ஒரு நல்ல பட்டறையில் வண்டியை நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவரை ஸ்டீயரிங்கை லேசாக இடதும் வலதும் ஆட்டச் சொல்லி, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். எது ஆடுகிறதோ அதை மாற்றுங்கள். அப்புறம் அலைன்மென்ட். ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றைப் புதிதாக மாட்டிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள், அது உதறலை மறைக்கும், தளர்ந்த ஜாயிண்டைச் சரி செய்யாது.

முன் டிரைவ் ஷாஃப்டும் அதே அளவு முக்கியம். டிஜே-யில் முன் அச்சைத் துண்டிக்கும் வசதி கிடையாது, சக்கரம் சுற்றினால் முன் ஷாஃப்டும் சுற்றும், நியூட்ரலில் இருந்தாலும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து முனையில் இரட்டை யூ ஜாயிண்ட் இருக்கிறது, நடுவில் ஒரு சிறிய உருண்டை, கிரீஸ் வறண்டால் அது கிறீச்சிடும், பிறகு உடையும். நெடுஞ்சாலை வேகத்தில் அந்த ஷாஃப்ட் கழன்று சுழன்றால் பக்கத்தில் இருக்கும் கியர்பாக்ஸின் அலுமினிய உறையையே உடைத்துவிடும், இது ஜீப் பட்டறைகளில் பார்த்துப் பழகிய சேதம். கிறீச்சொலிதான் அதன் முன்னறிவிப்பு, இழுக்கும்போது அந்த ஒலி உங்கள் காதுக்கு வராது. நான் கிரீஸ் அடிக்கும் வசதியோடு புதிதாகக் கட்டிய ஷாஃப்ட் ஒன்றைப் போட்டுவிட்டேன், டோ பார் வாங்கியதற்கு முன்பே.

சரி, டோ பார். மோட்டார்ஹோமில் நிரந்தரமாக மாட்டி, கழற்றியதும் பக்கவாட்டில் மடித்து வைக்கும், நீண்டு சுருங்கும் கைகள் கொண்ட வகைதான் வாங்க வேண்டும். ஜீப்பின் முன்னால் ஏ வடிவில் நிற்கும் கெட்டியான பழைய வகை மலிவு, ஆனால் ஜீப்பை அங்குலம் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்த இன்னோர் ஆள் வேண்டும். நீளும் கை வகையில் தோராயமாக நிறுத்தினால் போதும், கையை இழுத்து பின்னைக் குத்தி, மோட்டார்ஹோமை மெதுவாக நகர்த்தினால் கைகள் இரண்டும் நீண்டு தாமாகப் பூட்டிக்கொள்ளும். வாங்கும்போது கோணலான நிலத்திலும் விடுபடும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண வகையில் வண்டி திரும்பிய நிலையில் அல்லது சரிவில் நின்றால் பூட்டின் மேல் பாரம் ஏறி லிவர் அசையாது, சுத்தியலோடு மல்லுக்கட்ட வேண்டும். கொஞ்சம் கூடுதல் விலை, தயங்காமல் கொடுக்கலாம். குறை என்றால் கைகளுக்குள் மணலும் சேறும் போவதுதான். ரப்பர் உறை கிழிந்தால் உடனே மாற்றி, உள்ளே துடைத்து, தயாரித்தவர் சொல்லும் மசகை மட்டும் போடுங்கள், கெட்டி கிரீஸ் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பார் தரைக்குச் சமமட்டமாக இருக்க வேண்டும், மோட்டார்ஹோம் பக்கமும் ஜீப் பக்கமும் மூன்று அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பதே பொதுவான அளவு. உயரம் ஏற்றிய ஜீப்புக்கு ஹிட்ச்சில் உயரம் மாற்றும் இணைப்பு தேவைப்படும். சரிவாகக் கட்டினால் பிரேக் பிடிக்கும்போது ஜீப் மோட்டார்ஹோமுக்குக் கீழே நுழையப் பார்க்கும், அல்லது அதன் பின்புறத்தைத் தூக்கும். பேஸ் பிளேட்டை மாட்டிக் கொடுத்த பட்டறையைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை, போல்ட்டுகளுக்கு நூல் பூட்டும் பசையும் போடவில்லை, டார்க் ரெஞ்சும் வைத்துப் பார்க்கவில்லை, வீட்டில் நான் ரெஞ்ச் வைத்தபோது இரண்டு போல்ட் தாராளமாகச் சுற்றியது. ஒரு குடும்பத்தின் உயிர் தொங்கும் போல்ட் அது. யார் மாட்டினாலும் முதல் சில நூறு மைலுக்குப் பிறகு நீங்களே ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். பாதுகாப்புக் கேபிள்கள் இரண்டையும் பாருக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும், திருப்பத்தில் இழுபடாத நீளமும் வேண்டும், தரையில் உரசாத சுருக்கமும் வேண்டும்.

பிரேக் பெட்டி பற்றித்தான் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்து, ஒரு கையால் பிரேக் பெடலைப் பிடித்துக்கொள்ளும் வகை. மோட்டார்ஹோம் வேகம் குறைவதை உணர்ந்து தானாகப் பெடலை அமுக்கும். மாட்டுவதும் எடுப்பதும் சுலபம், வண்டி மாற்றினாலும் கூடவே எடுத்துப் போகலாம், இவை நல்லவை. ஆனால் எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரில் (பெடலுக்குப் பலம் கூட்டும் பகுதி) வாக்யூம் ஓரிரண்டு அமுக்கலில் தீர்ந்துபோகும், பிறகு பெடல் கல் மாதிரி. பெட்டியில் அதற்கேற்ற அமைப்பு இருக்கிறதா, அல்லது தானே வாக்யூம் உண்டாக்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். அமைக்கும்போதும் முதலில் எஞ்சினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்து வாக்யூமைத் தீர்த்துவிட்டுத்தான் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி தவறான பலத்தைக் கற்றுக்கொள்ளும். என் பெட்டியின் உணர்திறனை அதிகமாக வைத்தால் கரடுமுரடான சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் லேசாகப் பிரேக் பிடிக்கிறது, குறைத்தால் மலை இறக்கத்தில் தாமதமாகப் பிடிக்கிறது. பிரேக் விடாமல் தேய்ந்துகொண்டே வந்தால் டிரம்மும் டிஸ்க்கும் காய்ந்து, தீப்பிடிக்கும் வரை போகலாம். அதனால் ஜீப்பில் பிரேக் பிடிக்கும்போது எரியும் சிறு விளக்கு ஒன்றை மோட்டார்ஹோமின் டாஷ்போர்டில் காட்டும் அமைப்பு இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம். நிறுத்தும் இடத்திலெல்லாம் நான்கு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய் வெப்பம் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். நிரந்தரமாக வண்டிக்குள் பொருத்தி, தனி வாக்யூம் பம்ப் வைத்து, மோட்டார்ஹோமின் பிரேக் விளக்கு மின்சாரத்தோடு ஓடும் வகைகள் விலை அதிகம், பொருத்தவும் வேலை அதிகம், ஆனால் ஒரே ஜீப்பை வருடக்கணக்கில் இழுக்கப் போகிறவர் அதற்கே போகட்டும் என்பேன். துணைப் பிரேக் எந்த எடைக்கு மேல் கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பல இடங்களில் 3,000 பவுண்டு என்ற கோடு இருக்கிறது, டிஜே அதைத் தாண்டிவிடுகிறது. சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள், மோட்டார்ஹோம் தன்னை நிறுத்திக்கொள்ளவே திணறும் வண்டி. பார் அறுந்தால் ஜீப்பின் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே சுவிட்ச்சும் சேர்த்து.

விளக்குகளுக்கு டயோடு வைத்து ஜீப்பின் சொந்த விளக்குகளையே எரிய வைக்கலாம், டயோடு இல்லாமல் நேராக இணைத்தால் மின்சாரம் பின்னோக்கி ஓடி ஜீப்பின் மற்ற சுற்றுகளைக் குழப்பும். பிரேக் பெட்டி ஜீப்பின் பேட்டரியில் இருந்தே மின்சாரம் எடுப்பதால், நாள் முழுக்க ஓடி இறங்கும்போது ஜீப் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், மோட்டார்ஹோமில் இருந்து ஒரு சார்ஜ் ஒயர் இழுத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

ஜீப்பை மாட்டிய நிலையில் மோட்டார்ஹோமை ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. ஓரிரு அடி என்று ஆரம்பித்தால் ஜீப்பின் முன் சக்கரம் முழுக்க மடங்கி டோ பாரின் கை வளையும், பேஸ் பிளேட் முறுக்கிக்கொள்ளும். உள்ளே போய் வெளியே வர வழி உண்டா என்று பார்க்காமல் எந்த வளாகத்துக்குள்ளும் நுழையாதீர்கள், மாட்டிக்கொண்டால் இறங்கிக் கழற்றுங்கள். டிஜே என்றால் கழற்ற ஐந்து நிமிடம் கூட ஆகாது, லிவரை 2எச்-க்குத் தள்ளிப் புறப்பட வேண்டியதுதான். ஜீப்பின் டயர்களுக்கும் சேர்த்துக் காற்றழுத்தம் காட்டும் சென்சார் போடுங்கள், பின்னால் வரும் வண்டியில் காற்று இறங்கினால் டயர் கிழிந்து தீப்பொறி பறக்கும்வரை முன்னால் தெரியாது.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. டிஜே-யின் ஃபிரேம் துருப்பிடிப்பது உள்ளேயிருந்து, குறிப்பாகப் பின் அச்சைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்ம் மாட்டும் இடத்திலும் நடுவில் ஸ்கிட் பிளேட்டை (அடிப்பக்கப் பாதுகாப்புத் தகடு) ஒட்டியும். உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய வண்டி என்றால் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஒரு சிறிய சுத்தியலோடு போய் அந்த இடங்களைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் விலை பேசலாம், மந்தமாகப் பொத்தென்று கேட்டால், எஞ்சின் எவ்வளவு அழகாக ஓடினாலும், அந்த வண்டி இழுப்பதற்கு வேண்டாம்.